கோட்டக்காவின் கண்ணில் விழுந்த பூ

தன் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்கிற சேதி, மூன்று வாய் மாறி நான்காவது வாயாக டிக்கெட்காரரிடமிருந்துதான் கோட்டக்காவுக்கு வந்து சேர்ந்தது. அதுவும் முதலில் வார்த்தையாக வரவில்லை. கையாக வந்தது.

காலையில் மியூசியத்தின் மாடிப்படியில் அவள் கால் வைத்தபோது யாரோ பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்தார்கள். திரும்பினால் டிக்கெட்காரர். வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிப்பவர். கூரை ஒழுகினாலும் கூண்டை விட்டு எழுந்திருக்காத மனிதர்.

"பார்த்து, பார்த்து. படி இருக்கு."

"இருக்கும். நேத்தும் இருந்துச்சு."

"மெதுவா வாங்க கோட்டக்கா. என்னை உங்க தம்பியா நினைச்சுக்குங்க."

"தம்பியா இருந்தாலும் கையை எடுங்க. என்ன விஷயம்?"

டிக்கெட்காரர் இழவு வீட்டுக் குரலுக்கு இறங்கினார்.

"கேள்விப்பட்டேன். பூ விழுந்துடுச்சாமே."

கோட்டக்காவின் முகம் வெளுத்தது. யோசிக்க ஒரு நொடி எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எடுக்கவில்லை.

"யார் சொன்னது? அது யாருக்குமே தெரியாதே!"

"அப்ப நிஜம்தானா?" டிக்கெட்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எந்தக் கண்ணுல?"

"எந்தக் கண்ணுலயா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் சொல்வது ஒரு பூ, அவள் நடுங்குவது வேறொரு பூவுக்கு. விளக்கலாம் என்று வாயைத் திறந்தாள். விளக்கினால் பின்னாலேயே எது வெளியே வந்து விழும் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பாதிப் படியில் நின்று, இருக்கிற இரண்டு கண்ணில் ஒன்றைப் பலி கொடுத்தாள்.

"இடது கண்ணுல," என்றாள்.

அவளுக்குக் கோட்டக்கா என்று பெயர் வந்தது நீலக் கோட்டால் என்றுதான் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். மியூசியம் கொடுத்த சீருடை அது; தோள் ஒரு அளவு, கை ஒரு அளவு. ஆனால் பெயர் கோட்டால் வந்ததில்லை, கோடால் வந்தது. மாடியில் அவள் காவல் காக்கிற அறையில், படத்துக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். யாரும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும்: "கோடு!" சத்தம் போட மாட்டாள். தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பாத்திரத்தை வைக்கிற மாதிரி மெல்லச் சொல்வாள். ஆனால் தாண்டிய கால் தானாகப் பின்னால் வந்துவிடும். வெள்ளைக்கார மீசை வைத்த ஒரு பெரிய மனிதர் அந்தக் குரலைக் கேட்டு நேராகக் கீழே இறங்கி வீட்டுக்கே போய்விட்டதாக ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது அவளேதான்.

அந்த அறையில் ஒரே படம். ஒரு குன்றின் சரிவு, அதில் பழ மரங்கள், மரம் முழுக்கப் பூ. ஒரு பாதை வளைந்து போகும், எங்கோ ஒரு கூரை தெரியும், மேலே துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி வெளுத்த வானம். முதன்முதலில் பார்த்தபோது, வரைந்தவர் பாதியில் சாப்பிடப் போய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். கிட்டே போனால் மரமே கிடையாது. வெறும் அப்பல். வெள்ளை, இளஞ்சிவப்பு, நடுநடுவே எதற்கென்றே தெரியாத நீலம். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அத்தனை அப்பலும் சொல்லிவைத்த மாதிரி மரமாகி நிற்கும். முதல் மாதம் முழுக்க எழுந்து போய்ப் பார்ப்பதும் வந்து உட்கார்ந்து பார்ப்பதுமாக இருந்தாள், மந்திரவாதியின் சட்டைக் கையைக் கவனிக்கிறவள் மாதிரி. ஏமாற்று எங்கே நடக்கிறது என்று கடைசி வரை பிடிபடவில்லை. அப்புறம் விட்டுவிட்டாள்.

அதற்கு முன்னால் அவளுக்குச் செருப்புக் கடையில் வேலை. இளமை பூராவும் முட்டி போட்டு, ஊர்க்காரர்களின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள். வீட்டில் இருக்கிற ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். மியூசியத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவள் கண் தூரமாகப் போய் எதன் மேலாவது உட்காரக் கற்றுக்கொண்டது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. லாரி ஓட்டுகிற கணவர், "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டபோதுகூட, "சும்மா உட்கார்ந்து பாருங்க, தெரியும்," என்று மட்டும்தான் சொன்னாள்.

சும்மாவும் அவள் உட்கார்ந்திருக்கவில்லை. படத்தின் பக்கத்தில் இரண்டு மொழியில் எழுதிய ஒரு அட்டை இருக்கிறது. 'பூத்த பழ மரங்கள்' என்று இரண்டிலும் போட்டிருக்கும். என்ன பழம் என்று இரண்டிலும் இருக்காது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான். கோட்டக்கா ஆளைப் பார்ப்பாள், பழத்தை முடிவு செய்வாள். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு ஆப்பிள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சோதனைக்கு வந்தவர் மாதிரி நடக்கிறவர்களுக்கு, "காட்டு ப்ளம் சார். வாயில வைக்க முடியாது, அவ்வளவு புளிப்பு." ஒரு தடவை இரண்டு பேர் கீழே போய்ப் பேசிப் பார்த்து, ஒருவருக்குப் பேரி என்றும் இன்னொருவருக்குச் செர்ரி என்றும் சொல்லப்பட்டதைக் கண்டுபிடித்து, நியாயம் கேட்க மூச்சிரைக்க மேலே வந்தார்கள். கோட்டக்கா அசரவில்லை.

"ரெண்டும்தான். ஒட்டு மரம்," என்றாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் பூ விழுந்தது.

அந்த அறையின் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். படத்துக்கு வெளிக்காற்று ஆகாது. ஆனால் கோட்டுக்குள் வேகிறவளுக்கு ஆகுமே. ஆளில்லாத ஒரு மத்தியானம், ஒரு விரல் அளவு திறக்கலாம் என்று கொண்டியை எடுத்தாள். காற்று விரல் அளவோடு நிற்கவில்லை. ஜன்னல் படாரென்று விரிந்தது, அறைக்கதவு தடாரென்று அறைந்தது, சுவரில் படம் ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டது. ஓடிப்போய் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத் திரும்பினாள். படத்துக்கு நேர் கீழே, சுவர் ஓரத்துப் பலகையில், அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை.

கோட்டக்கா கோட்டைத் தாண்டினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பூதான். இடது ஓரம், கீழ்க் கிளையின் நுனியில் தடிமனாக அப்பியிருந்த வெள்ளைப் பூ. அது இருந்த இடத்தில் இப்போது துணியின் பழுப்பு தெரிந்தது. விரல் நுனியை நாக்கில் தொட்டு, அந்தப் பூவை ஒற்றி எடுத்தாள். கைப்பையில் கம்மல் வாங்கிய சின்ன டப்பா ஒன்று கிடந்தது, உள்ளே பஞ்சோடு. பஞ்சில் பூவைப் படுக்க வைத்து மூடினாள்.

மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி ஜன்னலைப் பற்றித்தான் வரும். ஜன்னலைத் திறந்தவளைக் கீழே பை வாங்கி வைக்கிற அறைக்கு மாற்றுவார்கள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது, திறந்துவிடுமோ என்கிற பயமும் கிடையாது. நாள் முழுக்கக் குடையும் பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மேலே இந்த நாற்காலிக்கு, முட்டி வலியைச் சொல்லி எத்தனையோ தடவை விண்ணப்பித்திருக்கிற டிக்கெட்காரர் வந்து உட்காருவார். பழத்தின் பெயர் கேட்டால், "அட்டையில பாருங்க," என்பார்.

அதனால் சொல்லவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. மாடிப்படிக்கு அடியில் நின்று, ஊரின் மறுகோடியில் இருக்கிற அக்காவுக்கு ஃபோன் போட்டாள். அந்த இடத்தில் சிக்னல் அரை உயிரில்தான் இருக்கும்.

"அக்கா, பூ விழுந்துடுச்சு."

"என்னது? கொர்கொர்னு கேட்குது."

"பூ! பூ விழுந்துடுச்சுக்கா. இடது ஓரத்துல. இன்னைக்குத்தான் பார்த்தேன். மேடத்துக்குத் தெரிஞ்சா என் நாற்காலி போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"ஐயோ, என் கண்ணே!" என்றாள் பெரியவள்.

பிறந்ததிலிருந்து கண்ணே, கண்ணே என்று கூப்பிடுகிறவள்தான். அதனால் அந்த 'கண்ணே' கூப்பிட்ட கண் இல்லை, குருடாகிற கண் என்பது தங்கைக்குத் தோன்றவே இல்லை. அதற்குள் சிக்னல் செத்துப்போனது.

பெரியவள் மூச்சு விடவில்லை, கணவரிடம் மட்டும் சொன்னாள். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டம் விற்பவர். அவர் யாரிடமும் சொல்லவில்லை, கண்ணாடிக் கை ஒடிந்து சரி செய்ய வந்த ஒரு அம்மாளிடம் வைத்தியக் கணக்கில் மட்டும் சொன்னார். அந்த அம்மாள் டிக்கெட்காரரின் மனைவி.

டிக்கெட்காரரின் கையை உதறிவிட்டு மாடி ஏறிய அன்று சாயங்காலம் கோட்டக்கா வீடு திரும்பினால், வாசலில் அக்காவும் மாமாவும் பெட்டியோடு நிற்கிறார்கள். அவள் கதவைத் திறப்பதற்கு முன்பே பெரியவள் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"ஆமா. வெள்ளையா தெரியுது."

"கண்ணுன்னா வெள்ளையாத்தான்கா இருக்கும்."

"வாயை மூடு. பூ விழுந்த கண்ணுக்குத் தூசி ஆகாது. உன் வீட்டைப் பார்த்தா ஊர்ல இருக்கிற தூசியெல்லாம் இங்கதான் குடியிருக்கு. சுத்தம் பண்ணி முடிக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கோட்டக்கா ஒரு கணம் யோசித்தாள். பொய்யே இந்த வேகத்தில் ஊரைச் சுற்றி வந்திருக்கிறது. உண்மையைக் கொடுத்தால் இந்த வாய் அதற்கு இறக்கை கட்டிவிடும். பேசாமல் தலையைப் பின்னால் சாய்த்தாள். பெரியவள் சொட்டு மருந்து விட்டாள்.

மாமா சும்மா வரவில்லை. கடையிலிருந்து கண் சோதிக்கிற எழுத்துத் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைச் சமையலறைக் கதவில் மாட்டி, மச்சினியை எதிர்ச் சுவரில் சாய்த்து நிற்க வைத்து, வலது கண்ணைக் கரண்டியால் மறைக்கச் சொன்னார். சட்டம் விற்று விற்று, தன்னைப் பாதி டாக்டர் என்று நம்புகிறவர் அவர். மீதிப் பாதி எங்கே என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

கோட்டக்கா மேலிருந்து கீழ் வரை கடகடவென்று படித்தாள். கடைசி வரியையும் படித்தாள். அதற்கும் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள்.

மாமா தாளைக் கழற்றிச் சுருட்டினார். முகம் இருண்டிருந்தது.

"ரொம்ப முத்திப்போச்சு."

"எல்லாம் தெரியுதே மாமா!"

"அதான் சொல்றேன். பூ விழுந்த கண்ணு போகப் போற நேரத்துல இப்படித்தான் நல்லா தெரியும். அணையப் போற விளக்கு மாதிரி. கடையில எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

பெரியவள் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அந்தச் சுவரில் ஒட்டடை இருப்பதைப் பார்த்து, அழுகையை நிறுத்தித் துடைப்பத்தை எடுத்தாள்.

லாரியோடு எங்கோ பாதி வழியில் இருந்த கணவருக்கும் சேதி போய்விட்டது. ராத்திரி ஃபோனில், "பயப்படாதே. என் பழைய கண்ணாடி பெட்டியில இருக்கு, போட்டுக்கோ," என்றார். ஆயுசில் அவர் அவளுக்கு எடுத்துக் கொடுத்த முதல் நகை அது.

மறுநாளிலிருந்து கோட்டக்கா கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குப் போனாள். அக்காவின் உத்தரவு. கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தால் பழ மரங்களில் மழை வரும் போலிருந்தது. முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் வேடிக்கை கோட்டைத் தாண்டி அவளிடமே வந்துவிட்டது. "கோடு" என்று அவள் சொன்னால் இப்போது கால்கள் பின்னால் வரவில்லை. பாவம், தெரியாமல் சொல்கிறாள் என்று அவளைத் திரும்பிப் பார்த்தன. ஒரு பெண் பக்கத்தில் வந்து, கேட்காமலேயே படத்தை அவளுக்கு வர்ணித்துவிட்டுப் போனாள். "வெள்ளை வெள்ளையா மரம்மா. ரொம்ப அழகா இருக்கு. நீங்க கொடுத்து வைக்கல." கோட்டக்காவுக்கு அன்று யாருக்கும் எந்தப் பழமும் சொல்லத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த நாள் மேலாளர் மாடிக்கு வந்தார். கனிவான பெண், அதுதான் பயம். திட்டுகிறவர்களிடம் கோட்டக்காவுக்குப் பதில் இருக்கும். கனிவுக்கு அவளிடம் மருந்து இல்லை. மேலாளர் கையில் கனமான ஒரு புத்தகம் இருந்தது. மியூசியத்தில் இருக்கிற படங்களையெல்லாம் அச்சடித்த புத்தகம். பின்னாலேயே, சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி டிக்கெட்காரர்.

"உட்காருங்க, எழுந்திருக்காதீங்க," என்றார் மேலாளர். "உங்க கண்ணைப் பத்திக் கேள்விப்பட்டேன். டாக்டர்கிட்ட அனுப்பலாம்னுதான் நினைச்சேன். ஆனா நீங்க இங்க பார்க்க வேண்டியது டாக்டரோட பலகையை இல்லையே, இந்தப் படத்தைத்தானே. அதனால இங்கயே பார்த்துடுவோம். தெரிஞ்சா நாற்காலி உங்களுக்கு. தெரியலைன்னா, சிரமப்படுத்த மாட்டேன், கீழே பை அறையில நிம்மதியா உட்காரலாம். சரியா?"

"சரி மேடம்."

"கண்ணாடியை எடுத்துடுங்க. எந்தக் கண்ணு?"

"வலது," என்றாள் கோட்டக்கா.

"இடதுன்னு சொன்னீங்க!" என்றார் டிக்கெட்காரர்.

"அது முந்தாநாள்."

மேலாளர் புத்தகத்தைப் பிரித்து, படத்தின் அச்சுப் பக்கத்தைத் தன் பக்கமாக வைத்துக்கொண்டார்.

"அந்தப் பாதை வளையற இடத்துல, ஓரமா பழுப்பா ஒண்ணு இருக்கே. அது என்ன?"

கோட்டக்காவுக்கு நிம்மதி வந்தது. "ஆடு மேடம்."

"ஆடா?"

"ஆடுதான். நான் வந்த நாள்லேர்ந்து மேயுது."

"என்ன கோட்டக்கா இது, அது நாய்!" என்றார் டிக்கெட்காரர். அவர் கோட்டின் ஓரத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். "வாலைப் பாருங்க, சுருட்டி வச்சிருக்கு."

"அது கொம்பு."

"கொம்பு பின்பக்கமாவா இருக்கும்?"

மேலாளர் படத்தைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். கன்னம் லேசாகச் சிவந்தது.

"நான் பாறைன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றார் மெதுவாக. "இதுல, 'கூடையோடு குனிந்திருக்கும் பெண்'னு போட்டிருக்கு."

மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்தார்கள். பெண்ணாக ஆக மாட்டேன் என்று அது அடம் பிடித்தது.

"அப்ப மூணு பேர் கண்ணுலயும் பூதான்," என்றாள் கோட்டக்கா.

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். கோட்டக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிழைத்தோம் என்றுதான் நினைத்தாள்.

"சரி, வம்பில்லாம ஒண்ணே ஒண்ணு கேட்டு முடிச்சிடறேன்," என்றார் மேலாளர். "இடது ஓரம், கீழ்க் கிளையோட நுனி. அங்க என்ன இருக்கு?"

கோட்டக்காவின் முதுகு நாற்காலியை விட்டு எழுந்தது.

அங்கே என்ன இருக்கிறது என்று உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை. அரிசி அளவுக்குப் பழுப்புத் துணி இருக்கிறது, நாற்காலியிலிருந்தே அவளுக்குத் தெரிகிறது. அவ்வளவு நல்ல கண். ஆனால் மேலாளர் பார்த்துக்கொண்டிருப்பது புத்தகத்தை. புத்தகத்தில் பூ இன்னும் விழவில்லை.

"பூ மேடம்," என்றாள். "பெரிய வெள்ளைப் பூ. அந்தக் கிளையிலேயே அதுதான் பெருசு."

"ரொம்பச் சரி," என்று மேலாளர் புத்தகத்தை மூடினார்.

"எங்க பூ?" என்றார் டிக்கெட்காரர்.

நாற்காலி கைநழுவிப் போகிற வேகத்தில் அவர் கோட்டைத் தாண்டிவிட்டிருந்தார். மூக்கு படத்தை முட்டுகிற தூரத்தில் இருந்தது.

"பூவே இல்லையே! மேடம், வந்து பாருங்க. வெறும் துணி. இல்லாத பூவைப் பார்க்கிறாங்க இவங்க!"

மேலாளர் போனார். குனிந்தார். புத்தகத்தை மறுபடியும் பிரித்து, படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது கனிவு எங்கேயோ போயிருந்தது. பார்வை கோட்டக்காவிடம் வரவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம், படத்தின் மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஆளிடம் போனது.

"என்ன பண்ணீங்க?"

"நானா?"

"எவ்வளவு கிட்ட நிக்கிறீங்க பாருங்க. தும்மினீங்களா?"

"ஐயோ, இல்லவே இல்ல மேடம்! நான் மூச்சுகூட விடல!"

"விட்டீங்க. இங்கேர்ந்தே கேட்டுது. அந்தப் பூ உங்க காலடியில விழுந்திருந்தா?"

டிக்கெட்காரர் சுவரைப் பிடிக்கப் போய், சுவரில் படம் இருப்பது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்று செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் காலை வைத்துவிட்டு மற்றக் காலைத் தூக்கினார். வலிக்கிற முட்டி அதுதான் போலிருக்கிறது, முகம் கோணியது.

கோட்டக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லத் தேவையில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். கண் தேறிவிட்டது. பழி போக வேண்டிய இடத்துக்குத் தானே நடந்து போய் ஏறிக்கொண்டது. நாற்காலிக்கு விண்ணப்பம் போடுகிற ஆளும் இனி இல்லை. இப்படி ஒரு அதிர்ஷ்டத்தை அவள் கனவிலும் கேட்டிருக்க மாட்டாள். டிக்கெட்காரர் இரண்டாவது தடவையாக முதல் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் காட்சியைக் கொஞ்சம் அதிகமாகவே அவள் ரசித்துவிட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது தடவை தூக்கியபோது அவர் விழப் பார்த்தார். அடித்தோலில் ஓட்டை விழுந்த செருப்பு. அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அவர் கண்ணில் மட்டும் உண்மையாகவே தண்ணீர் வந்திருந்தது.

"அவர் காலைக் கீழே விடச் சொல்லுங்க மேடம்," என்றாள் கோட்டக்கா. "பூ அங்க இல்ல."

"பின்னே எங்க?"

"எங்க வீட்டுல."

மேலாளருக்குப் புரிய நேரம் ஆனது. "எந்தப் பூ?"

"இந்தப் பூதான். போன வாரம் ஜன்னலைத் திறந்தேன். காத்து அடிச்சுது. விழுந்துடுச்சு. விழுந்தது படத்துல, கண்ணுல இல்ல. என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல. எங்கக்காதான் தப்பா காதுல வாங்கிட்டா."

"விழுந்ததை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா!"

"இங்க விட்டா கூட்டிப் பெருக்கிடுவாங்களே."

டிக்கெட்காரர் காலைக் கீழே வைத்தார். "அப்ப சொட்டு மருந்தெல்லாம்?" என்றார் ஈனக் குரலில். அவர் மனைவி அதை வீடு வீடாகச் சொல்லியிருந்தாள்.

"விட்டுக்கிட்டேன். என்ன பண்றது? நல்ல கண்ணு ரெண்டும் இப்ப எரியுது."

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று கணிக்க முடியாத முகம்.

"உடையாம முழுசா இருக்கா?"

"பஞ்சுல படுக்க வச்சிருக்கேன். கம்மல் டப்பாவுல."

"அப்ப கேளுங்க. படத்தைச் செப்பனிடறவர் வந்து அதை இருந்த இடத்துலயே ஒட்டிடுவார். பூ முழுசா என் கைக்கு வந்தா, ஜன்னலைத் திறந்ததுக்கு ஒரு நாள் முழுக்கத் திட்டுவேன், அதோட சரி. நாற்காலி உங்களோடது. பூ இல்லைன்னா நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். அப்புறம் பை அறைகூட என் கையில இல்ல. வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"அக்கா இருக்கா."

"ஃபோன் போடுங்க. டப்பாவைத் தொட வேணாம், திறக்க வேணாம்னு சொல்லுங்க. நாம போய் எடுத்துக்கலாம்."

கோட்டக்கா எழுந்து, கோட்டுப் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். பெரியவளின் எண்ணைத் தொட்டபோதுதான், காலையில் வாசலில் செருப்பு மாட்டுகையில் உள்ளேயிருந்து கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. சமையலறை முடிந்தது, கட்டிலுக்கு அடியும் முடிந்தது, இன்றைக்கு அலமாரி. தட்டு தட்டாக எடுத்து, வேண்டாத குப்பையை எல்லாம் கொட்டிவிடப் போகிறேன், சாயங்காலம் வந்து அது எங்கே இது எங்கே என்று கேட்கக் கூடாது. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்.

கம்மல் டப்பா அலமாரியில்தான் இருந்தது. கம்மல் இல்லாத கம்மல் டப்பா. உள்ளே பஞ்சில், பெரியவளின் கண்ணுக்கு, ஒரு துளி சுண்ணாம்பு.

மணி அடித்தது.

"எடுக்கிறாங்களா?" என்றார் மேலாளர்.

"எடுப்பா."

டிக்கெட்காரர் கோட்டைத் தாண்டி வெளியே வந்து, பிடித்துக்கொள்ள எதையாவது தேடி நாற்காலியின் முதுகில் கை வைத்தார். கோட்டக்கா ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலேயே அவர் கையைத் தட்டிவிட்டு, நாற்காலியைக் காலால் தன் பக்கம் இழுத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்தாள்.

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.